பழைய டீன் வரக் கூடாது

செப்டம்பர் 3
பேராலயக் குழுவிடம் சொல்லிவிட்டேன். ஜனவரியில் எனக்கு எழுபது வயது; டீன், அதாவது பேராலயத்தின் தலைமைக் குரு, அத்தோடு சட்டப்படி கிளம்ப வேண்டும். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. வழக்கத்தையும் பணிவாக நினைவூட்டினார்கள்: விலகிய டீன் ஊரை விட்டுப் போய்விட வேண்டும், பேராலயப் பக்கம் தலைகாட்டக் கூடாது. புதியவருக்கு இடைஞ்சலாம். சரிதான் என்று தலையாட்டினேன்.

என் மனைவி ரோசலிண்டின் சாம்பலைப் பேராலய உள்முற்றத்துப் புல்லில்தானே புதைத்தோம்? ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லையா?

செப்டம்பர் 20
இந்த ஆலயத்தில் புதிதாக வரும் பேராயரே கதவைத் தட்டி, நான் திறக்கச் சொன்னால்தான் முதல்முறை உள்ளே வர முடியும். அப்பேர்ப்பட்ட அதிகாரி நான். இரவு டப்பா மீனும் ரொட்டியும். பெரிய வீட்டில் நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது.

அக்டோபர் 11
மழை. மாலை ஆராதனைக்குப் பாடகர்களும் ஒரு சுற்றுலாத் தம்பதியும்தான். விளக்கணைக்க வந்த ஆலயப் பணியாளர் ஸ்ட்ரட் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீன் ஐயா, நீங்க போயிட்டா அம்மாவை யாரு பாத்துக்குவாங்க?"

"புல் வெட்டுறவங்க பாத்துக்குவாங்க" என்றேன். என்ன பதில் இது! அங்கி மாற்றும் அறையில் அழுதேன்.

ஜனவரி 30
கடைசி ஆராதனை. அங்கியைக் கழற்றிப் பலிபீடத்தில் வைத்தேன். கைகுலுக்கினார்கள். கேக் காய்ந்திருந்தது.

மார்ச் 8
கடலோர ஊர். மீன் கடைக்காரி மாட் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். "என்ன கண்ணு, இன்னைக்கும் ஒத்தை மீன்தானா? பூனை வளக்குறியா?" நாள் முழுக்க என்னோடு பேசியது அவள் ஒருத்திதான்.

ஏப்ரல் 2
ரோசலிண்டின் நினைவு நாள். பேராலயத்துக்குப் போகப் பேருந்தில் ஏறினேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்தேன். ஜூடித்திடம், அதாவது புதிய டீனிடம், ஒரு வார்த்தை கேட்டால் போதும். வாய் வரவில்லையே — இத்தனை வருஷம் எல்லாரும் என்னிடம்தானே அனுமதி கேட்டார்கள். எனக்கு எங்கே கேட்கத் தெரியும்?

மே 19
போயும் போயும் ஒரு புல்தரைக்கு அனுமதியா? என் பெண்டாட்டிடா அவ!

மே 20
வெட்கத்தை விட்டுத் தொலைபேசினேன். ஜூடித், "நீங்க கேக்கவே மாட்டீங்களோன்னு நினைச்சேன். நானே கூப்பிட்டா, பழைய டீனை நான் கட்டளையிட்டு வரச் சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு பயம். நான் மத்தியானம் அவங்க நினைவுக் கல்லுக்குப் பக்கத்துலதான் சாப்பிடுறேன். அந்தப் பெரிய டீன் வீட்டுல தனியா உக்காந்து சாப்பிட முடியல" என்றார்.

எனக்குத் தெரியாதா அந்த வீட்டை?

மே 24
போனேன். ஜூடித் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து, முட்டை சாண்ட்விச்சில் பாதியை நீட்டினார். உப்பு கம்மி. கல்லின் மேல் பாசி இல்லை, ஸ்ட்ரட் தேய்த்திருக்கிறார். வழி தவறி வந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "நீங்க இங்க வேலை செய்றவரா?" என்று கேட்டார்.

ஜூடித் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றேன். "வீட்டுக்காரியைப் பாக்க வந்தேன்."