பத்ரிக்கு ஓர் ஒத்திகை

மார்ச் 4, ஞாயிறு

காலையில் கடும் பனி. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் புல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. குளிக்கவில்லை. வெந்நீரில் முகம் மட்டும்.

இன்றைய வேலை: மூன்று கைத்தடிகளுக்கும் இரும்புப் பூண். தோட்டத்துக் கொல்லன் போட்டுக் கொடுத்தான். பத்ரிநாத்துக்குச் சற்று முன்னால் சில இடங்களில் வைகாசியிலும் பனிக்கட்டி கிடக்குமாம். பூண் இல்லாத தடி வழுக்குமாம். யாத்திரைப் புத்தகத்தில் உள்ளது.

வழி ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தலைமன்னார், கப்பல், சென்னை, ஹரித்துவார். பீபல்கோட்டி வரை பஸ். அதன்பின் அளகநந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே நடை. கேதாரம் வேண்டாம், செங்குத்து. பத்ரி மட்டும். புதிதாக நடப்பவர்களுக்கும் ஏற்ற வழி என்று புத்தகம் சொல்கிறது. எழுதியவர் எந்த வயதில் நடந்தார் என்று சொல்லவில்லை.

போகிறவர்கள் மூவர். நான், மருதமுத்து, அவன் பெண்சாதி செல்லத்தாயி. ம.மு. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவன். நான் ஆபீசில் பேரேடு எழுதி ஓய்ந்தவன். அவர்கள் மகன் ராசுவை இரண்டு வருஷத்துக்கு முன் அடித்துக் கொன்றார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க லொறியில் இறக்கிய வெளியாட்கள். தடி, மண்டை. பத்ரியில் பிரமகபாலம் என்ற பாறையில் பிண்டம் வைத்தால் அடிபட்டுச் செத்தவனும் கரையேறுவான் என்று நான்தான் வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்க வேண்டுமா? அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. கனவில் ராசு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கிறானாம். தலையில் இரத்தம் காயவே இல்லையாம்.

மாலை, காதர் நானா கடை. பழைய கம்பளிக் கோட்டு.

"நுவரெலியாத் துரைமார் போட்ட கோட்டு, ஐயா. இமயமலையே வந்து கட்டிப் புடிச்சாலும் குளிராது."

"கை முழங்கைக்கு மேலே நிற்கிறதே, நானா."

"அது இப்ப ஃபாஷன்."

வாங்கவில்லை. வாங்குவேன் என்று நினைக்கிறேன்.

ஆத்தோரத் தோட்டத்தில் ஸ்ட்ரைக் என்றும் சொன்னார். கர்ப்பிணி ஒருத்தியைக் கணக்கப்பிள்ளை கன்னத்தில் அறைந்தானாம். ஆட்கள் அவன் தாடையை உடைத்துவிட்டார்கள். துரை வெளியாட்களைக் கொண்டுவரப் பார்க்கிறாராம். "கருங்காலி எவனாச்சும் மலைக்குள்ள கால வச்சா, அந்தக் காலு திரும்பிப் போகாதுன்னு கோயில்ல சத்தியம் பண்ணிருக்காங்க."

நேரமாகிவிட்டது. குடையை மறந்து வந்துவிட்டேன்.

மார்ச் 7, புதன்

முதல் ஒத்திகை. நம் தோட்டத்துக்குள்ளேயே, தொழிற்சாலையிலிருந்து கோயில் மேடு வரை. வெயில். காற்று இல்லை.

சுமையோடு நடந்து பழக வேண்டும். முதுகுப் பைக்கு எங்கே போவது? கொழுந்துக் கூடைதான். அடியில் சாக்கு, மேலே செங்கல். நெற்றிக் கயிறு எனக்கு இறங்கி இறங்கிக் கண்ணை மறைத்தது.

செல்லத்தாயி: "முப்பது வருசம் கூடை தூக்குனவளுக்கே கூடை தூக்கச் சொல்லித் தர்றீங்க. நல்லாருக்குங்க ஐயா."

கொழுந்து மலையில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். ஒருத்தி: "கிளாக்கரையாவுக்கும் இன்னிக்குச் சம்பளப் பேரு போட்டாச்சுடி!" இன்னொருத்தி: "இந்த நடைக்கு அரநாச் சம்பளந்தான், அரப்பேரு!" எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வியர்வையில் கண்ணாடி விழுந்தது, உடையவில்லை.

கோயில் மேட்டில் ஒரு தெருநாய். வாயில் நுரை. நேராக என் மேல் பாய்ந்தது. நான் கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். ம.மு. ஓங்கி ஓர் அடி. ஒன்றே ஒன்று. பூண் நாயின் மண்டையில் இறங்கியது. கால்கள் வெகுநேரம் உதைத்துக்கொண்டிருந்தன. புல்லெல்லாம் சிவப்பு. 

அவன் தடியைப் புல்லில் துடைத்தான். "பூணு நல்லாப் புடிச்சிருக்குங்க ஐயா."

சாப்பிட முடியவில்லை. ரசம் மட்டும்.

மார்ச் 10, சனி

நாளை இரண்டாவது ஒத்திகை. நம் தோட்டத்து வழி சரியில்லை, வெறும் ஏற்றம். அளகநந்தா வழியில் ஆறு ஒரு பக்கம் கிடுகிடு பள்ளமாக வரும், பாதை மலைச்சுவரை ஒட்டி ஏறும். அதைப் போன்ற இடம் இங்கே ஒன்றே ஒன்றுதான். ஆத்தோரத் தோட்டத்து ஆற்றுப் பாதை. பாலத்தைத் தாண்டி, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழாகப் போய், மேலே ரோட்டில் ஏறலாம். விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன் முடியும். வரைந்து பார்த்தேன். பொருத்தமாகவே இருக்கிறது.

முழங்காலுக்கு நல்லெண்ணெய்.

மார்ச் 12, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. முறையாக எழுதப் பார்க்கிறேன்.

மூடுபனி. பாலம் தாண்டினோம். ம.மு. முன்னால், அவள் நடுவில், நான் பின்னால். மூவர் முதுகிலும் கூடை, கையில் தடி, என் தலையில் தொப்பி. லயத்துக்குக் கீழே வந்தபோது மேலிருந்து ஒரு விசில். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கூடையோடு வரிசையாக விடியற்காலையில் இன்னொரு தோட்டத்துக்குள் நுழைகிறவர்கள் யார் என்று ஒரு சிறுபிள்ளைகூடச் சொல்லும். வேலையிலிருந்த காலம் முழுவதும் பெரட்டைப் பார்த்தவன் நான்.

"வந்துட்டானுங்கடா! கருங்காலிங்க வந்துட்டானுங்க!"

"லொறிய எங்கடா நிப்பாட்டுனீங்க?"

கற்கள். முதல் கல் என் கூடையில். ஆட்கள் தேயிலைக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள். கம்பு, கவ்வாத்துக் கத்தி, ஒருவன் கையில் உலக்கை. நான் கையை உயர்த்தி, "நாங்கள் யாத்திரைக்காரர்கள்! பத்ரிநாத் போகிறவர்கள்!" என்று கத்தினேன்.

"பத்ரிநாத்தா? எந்தப் பக்கத்துத் தோட்டம்டா அது?"

"கிளாக்கரு வேற கூட்டியாந்திருக்கான் பாரு! தொப்பியப் பாரு!"

தோளில் விழுந்தது அடி. கீழே விழுந்தேன். கூடை தலைக்கு மேல் கவிழ்ந்தது. செங்கல் காதை உரசிக்கொண்டு விழுந்தது. அங்கேயே கிடந்தேன். கூடைப் பின்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முயலவும் இல்லை.

ம.மு. முழங்காலில் உலக்கை இறங்கிய சத்தம் கேட்டது. கொப்பு முறிவதுபோல. அவன் கத்தவில்லை. ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும், செல்லத்தாயியின் கொண்டையைப் பிடித்துச் சுழற்றித் தரையில் தள்ளினான். வயிற்றில் உதைத்தான். "கருங்காலி முண்ட! எச்சி சோத்துக்கு வந்தவளே!"

அப்போதுதான் ம.மு. வாய் திறந்தான். "யாரப் பாத்துடா கருங்காலின்னே? யாரப் பாத்துடா?" ஒற்றைக்காலில் எழுந்தான். தடியை இரண்டு கையாலும் ஓங்கினான்.

ஒரே அடி. பையன் நின்றபடியே ஒரு கணம் எங்களைப் பார்த்தான். பிறகு மடங்கி விழுந்தான்.

அதன் பிறகு ம.மு.வை அடித்ததை எழுத முடியாது. செல்லத்தாயி அவன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். அவள் முதுகில்தான் அடிகள். "ராசோட அப்பன்டா! ராசோட அப்பன்டா இது!" என்று அலறினாள். ராசு செத்த கதை இந்த மலைப்பக்கம் தெரியாதவர் இல்லை. வயதான ஒருவர் ஓடிவந்து எல்லோரையும் இழுத்துப் போட்டார். கம்புகள் நின்றன.

என் காயம்: தோள் வீக்கம், காது கீறல். அவ்வளவுதான்.

மார்ச் 13, செவ்வாய்

தூறல். இன்ஸ்பெக்டர் வந்தார். சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்தில் சொன்னேன். கூடையில் செங்கல் ஏன் என்று கேட்டார். விளக்கினேன். கான்ஸ்டபிள் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

"மாத்தயா, ஸ்ட்ரைக் நடப்பது தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"தெரிந்துமா போனீர்கள்?"

அவர் எழுதிக்கொண்டார். தடிகளை எடுத்துப் போனார்கள்.

ம.மு. ஆஸ்பத்திரியில், காலில் மட்டை கட்டி. கட்டிலோடு விலங்கு. பையன் அடுத்த வார்டில், நினைவில்லாமல். பெயர் சண்முகம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

மாலை அந்தத் தோட்டத்துத் தலைவர் வந்தார், நேற்று முன்தினம் எல்லோரையும் இழுத்துப் போட்டவர். சங்கத்துக்கு அங்கே இவர்தான் பொறுப்பு. வாசலில் நின்று தன் கன்னத்தில் தானே மாறி மாறி அறைந்துகொண்டார். "ராசு சாவுக்குக் கொடி புடிச்சுக்கிட்டு வந்தவன்யா நானு. அவன் அப்பனயே அடிச்சுப் போட்டோமே! நீங்க ஏன்யா கூடையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க? வேற பையே கெடைக்கலியா ஒங்களுக்கு?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மார்ச் 15, வியாழன்

பையன் விடிகாலையில் இறந்துவிட்டான்.

ம.மு.வைப் பார்க்க விட்டார்கள். முகம் வீங்கி அடையாளமில்லை. இனி வழக்கு, சிறை. தூக்குக் கயிறாகவும் இருக்கலாம். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நம்ம ராசுக்கு நீங்க பிண்டம் வைக்கணும், ஐயா."

"நான் சொந்தக்காரன் இல்லையே."

"அங்க யாரு வேணும்னாலும் யாருக்கும் வைக்கலாமுன்னு நீங்கதானே படிச்சீங்க?"

படித்தேன். நான் படித்ததெல்லாம் இவன் மேல் வந்து விடிகிறது.

"அவளக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க. பயணம் நின்னுட்டா நாம செய்ய நெனச்சதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும்."

திரும்பி வந்து செல்லத்தாயியிடம் சொன்னேன். முதுகில் மஞ்சள் பற்றுப் போட்டு, குப்புறப் படுத்திருந்தாள். பையன் இறந்ததைச் சொன்னதும், "செத்தானா? சாவட்டும். என் தலமுடியப் புடிச்ச கை அழுகட்டும்." பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "எனக்கு எதுக்குங்க அது?"

மார்ச் 16, வெள்ளி

பகலிலேயே என் வீட்டுத் தகரத்தில் கல். ஜன்னல் ஒன்று போயிற்று. மேசைக்கு அடியில் இருந்தேன். அங்கிருந்தபடியே மருந்துச் சாமான்களைச் சரிபார்த்தேன். அயோடின், கொயினா, பஞ்சு.

கா. நானா பின் வழியாக வந்தார். கோட்டு கொண்டுவந்திருந்தார், காசு வாங்க மறுத்தார். "கையை நீட்டித் தச்சுட்டேன். அடக்கத்துக்கு வந்த கூட்டம் ஒங்க பேரச் சொல்லித்தான் கத்துது, ஐயா. இன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போயிக் கோச்சியில ஏறிக் கொழும்புக்குப் போயிருங்க. அங்க இருந்து எந்த மலைக்கு வேணும்னாலும் போங்க."

அவர் சொல்வது சரி. இந்தியா போய்த் திரும்பிவரும் அனுமதி மூவருக்கும் எப்போதோ கிடைத்துவிட்டது. பெட்டியும் கட்டிவிட்டேன். ஆனால் செல்லத்தாயி வரமாட்டேனென்கிறாள். ஒத்திகை முடியவில்லையாம்.

மார்ச் 18, ஞாயிறு

வெயில். மேகமே இல்லை.

விடிந்ததும் கதவைத் தட்டினாள். முதுகில் கூடை. செங்கலும் இருந்தது.

"மூச்சு பழகணும்னு நீங்கதானே சொன்னீங்க? வாங்க."

பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றலாம் என்றேன். நம் கோயில் மேடு போதும் என்றேன். அவள் பாட்டுக்கு நடந்தாள். பாலத்தின் பக்கம். நானும் பின்னால் போனேன். தனியாக விட்டால் கொன்றுவிடுவார்கள். நான் போனால் மட்டும் என்ன செய்துவிடுவேன்?

அதே பாதை. லயத்து ஆட்கள் வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். தலைவர் இரண்டு கையையும் விரித்து ஆட்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். ஒரு லயத்து வாசலில் சாவுப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. அங்கிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். தலை விரிந்து கிடந்தது. இவள்தான் தாய் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மடி நிறையக் கல்.

முதல் கல் செல்லத்தாயி தோளில். இரண்டாவது நெற்றியில். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

செல்லத்தாயி கூடையை இறக்கி வைத்தாள். அந்தத் தாய்க்கு நேராகப் போய் நின்றாள்.

"எறி. ஒங் கை ஓயிற வரைக்கும் எறி."

எறிந்தாள். நெஞ்சில், வாயில், முழங்கையில். பல் ஒன்று விழுந்தது. செல்லத்தாயி கையைத் தூக்கி மறைக்கவில்லை. மடியில் கல் தீர்ந்ததும் அந்தத் தாய் கீழே கிடந்ததைப் பொறுக்கினாள். கடைசிக் கல்லை ஓங்கினாள், விடவில்லை. கை அப்படியே நின்றது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், மாடு கத்துவதுபோல.

செல்லத்தாயி வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள்.

"ஒம் மவன் பேரு என்னா?"

தாய் கல்லை இறுக்கிப் பிடித்தாள்.

"பேரச் சொல்லுடி. இவரு வடக்க போறாரு, எம் மவனுக்குப் பிண்டம் வைக்க. ஒம் மவனுக்கும் சேத்து."

கல்லைக் கீழே போட்டுவிட்டு, "சண்முகம்," என்றாள். "சண்முகவேலுன்னு வச்சோம். சண்முகம்."

செல்லத்தாயி திரும்பி என்னைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா, ஐயா?"

கேட்டேன் என்றேன்.

கூடையைத் தூக்கி, நெற்றிக் காயத்துக்கு மேலேயே கயிற்றைப் போட்டுக்கொண்டாள். ரோட்டுக்கு ஏறும் அந்தச் செங்குத்தில் நான் இரண்டு தடவை உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை.