தொட்டியை இடிக்கச் சொன்ன ஒன்பது வீட்டுக் குடங்கள்

அனுப்புநர்:
அல்போன்சா, மதலைமுத்துவின் மனைவி,
மில்காரர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவள்,
அல்சூர், பெங்களூர் தண்டு (கன்டோன்மென்ட்).

பெறுநர்:
கனம் பொருந்திய சுகாதார அதிகாரி அவர்கள்,
நகரசபை.

பொருள்: என் வீட்டு மழைத்தண்ணீர்த் தொட்டியைச் சனிக்கிழமைக்குள் இடிக்கும்படி வந்த உத்தரவை ரத்து செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு பேருக்குத் தினமும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறேன். எங்கள் கிணற்று உப்புத்தண்ணீரில் துவரம்பருப்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கல்லாகவே கிடக்கும். குழாயோ, வந்தால் உண்டு. ஆகையால் முதல் மழையைத் தெருவுக்கு விட்டுவிட்டு, பிறகு ஓட்டில் வழிவதை வேட்டித்துணியில் வடிகட்டி, மூடிபோட்ட தொட்டியில் சேர்க்கிறேன்.

2. சென்ற மாதம் குழாய் ஐந்து நாள் வெறும் காற்றைத்தான் விட்டது. தெருவில் ஒன்பது வீட்டுக் குடங்களும் என் பின்வாசலில் வரிசை நின்றன. "அக்கா, இன்னும் ஒரே ஒரு குடம்க்கா" என்று கெஞ்சாதவர் இல்லை. எதிர்வீட்டு ரயில்வே குமாஸ்தா ரெமிஜியஸின் மகள் நிச்சயதார்த்தச் சாம்பாரும் என் தொட்டித் தண்ணீரே. அது தெரியாத அவர், முன்பே பிடித்துவைத்த குழாய்த் தண்ணீர் என்று எண்ணி, பருப்பு வெண்ணெயாக வெந்திருக்கிறது, எல்லாம் குழாய்த் தண்ணீரின் மகிமை என்று பந்தியில் மெச்சினார்.

3. குழாயில் தண்ணீர் திரும்பியது. ஜனங்களுக்கு நாகரிகமும் திரும்பியது! கூரைத்தண்ணீர் குடிப்பது தெருவுக்கே கேவலம், காக்கை எச்சம், கொசு என்று ரெமிஜியஸ் தங்களுக்கு எழுத, ஒன்பது வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். அடடா, என்ன ஒற்றுமை!

4. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஐயா, வெயில் தாங்காமல் என் பானையிலிருந்து இரண்டு செம்பு வாங்கிக் குடித்தார். குழாய்த் தண்ணீரின் ருசியே தனி என்றார். அந்தக் கையோடு இடிக்கும் உத்தரவையும் நீட்டினார். அவர் குடித்தது எதுவென்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சைக்கிளேறிப் போய்விட்டார்.

5. தொட்டி போனால் பருப்பு வேகாது. பருப்பு வேகும்வரை மில் சங்கு காத்திருக்காது. ஒரே வாரத்தில் இருபத்திரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. என் வயிற்றில் அடிக்காதீர்கள். தாங்களே நேரில் வந்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டுகிறேன். உள்ளே ஒரு கொசு இருந்தால் கடப்பாரையை நானே எடுத்துத் தருகிறேன்.

இடம்: அல்சூர்
நாள்: 9 அக்டோபர் 1934

இப்படிக்கு,
அல்போன்சா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

எனக்கு எழுதத் தெரியாததால், நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதியவர்: டோரீன், மேற்படி ரெமிஜியஸின் மனைவி. துணி அலச இரண்டு குடம் வாங்க வந்த இடத்தில் எழுதிக் கொடுத்தார். தம் பெயரைப் போடவேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, தெரிந்தால் தெரியட்டும், போடுகிறேன் என்று அவரே போட்டார்.