சீட்டில் எழுதிய பெயர்

ஜூலை 8, செவ்வாய். இரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து இவரால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்த மனுஷன். இன்று மத்தியானம் சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், நான் வீட்டில் எழுதிக் கொண்டுபோன சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

“எல்லாம் கோடு கோடா இருக்கும்மா” என்றார்.

“பரவால்லப்பா, தோணுறத சொல்லுங்க. இது சாப்புடுறதா, இல்லையா?”

உப்பு, குடை, நெத்திலி, சீப்பு. சாப்பிடுவதா இல்லையா என்று எரிச்சலோடு சொன்னார், எல்லாமே சரி. என்ன வார்த்தை என்று கேட்டால்தான் தெரியவில்லை. கடைசிச் சீட்டில் ரோசி என்று எழுதியிருந்தேன். எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகள். அவள் பேச்சையே வீட்டில் எடுக்க விடமாட்டார்.

“இது சாப்புடுறது இல்ல” என்று தள்ளி வைத்துவிட்டார். எனக்கு ஏமாற்றம்தான்.

திரும்பும்போது, பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டார்: “ரோசி எப்படி இருக்கா, ஒனக்கு எதுனா தெரியுமா?”

“என்னங்க திடீர்னு?”

“தெரியல. மத்தியானத்துலேருந்து அவ நெனப்பாவே இருக்கு.”

முதுநகரில் இறங்கும்வரை என் கையை விடவில்லை. சீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவருக்குத் தானாக வந்த நினைப்பாகவே இருக்கட்டும்.