ஈதரில் உதறிய கால்கள்

காலையில் சமையலறைக் கூடையில் இரண்டு ஏலக்கி வாழைப்பழங்கள் கனிந்து கறுத்துக் கிடந்தன. கையில் எடுத்ததும் பொடி ஈக்கள் கலைந்து எழுந்தன. அந்தப் புளித்த இனிப்பு வாசம் உன் சட்டையில் எப்போதும் இருக்கும், அண்ணா. பழத்தைத் தூக்கிப் போட மனம் வராமல் கூடையிலேயே திரும்ப வைத்தேன்.

சுதந்திரம் வந்த வருஷம் அப்பாவுக்கு ஆரம்பித்தது. நாம் அப்போது குடியிருந்த ஒக்கலிபுரமே கொடி கட்டிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த அப்பாவின் கை தானாக வெட்டி இழுத்தது. பிறகு தோள், முகம், நடை என்று ஒவ்வொன்றாக அவர் சொல் கேட்காமல் போயின. சமஸ்தான உத்தியோகத்தில் மரியாதையாக இருந்த மனுஷரை, குடித்துவிட்டு வருகிறார் என்று ஆபீசில் கன்னடத்தில் முணுமுணுத்தார்கள். அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. தாத்தாவும் இப்படித்தான் போனார் என்று அத்தை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அம்மா அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினாள். உன்னால் நிறுத்த முடியவில்லை.

கெமிஸ்ட்ரி படித்த உனக்கு நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு ஈக்களிடம் போனாய். பழைய பால் பாட்டில்களில் சோளமாவும் வெல்லமும் காய்ச்சி ஊற்றி, பஞ்சால் வாயடைத்து அவற்றை வளர்த்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினாய். ஈதரில் மயங்கிக் கிடந்த ஈக்களில் சில மட்டும் கால்களை உதறிக்கொண்டே இருந்தன. இவற்றுக்குப் பிறப்பவற்றில் பாதி இப்படித்தான் உதறும் என்றாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்:

"நமக்கும் பாதிக்குப் பாதிதான்."

டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி, கப்பலில் வந்த பத்திரிகையில் மாதக்கணக்கில் தாமதமாக உன் கைக்குக் கிடைத்தது. மழையில் நனைந்தபடி சைக்கிளில் வந்தாய். அந்த நீண்ட இழையில் ஏதோ ஓர் இடத்தில்தான் அப்பாவின் நோய் இருக்கிறது, இடம் தெரிந்துவிட்டால் போதும் என்று அம்மாவிடம்கூட விளக்கிக்கொண்டிருந்தாய். நீ நம்பிக்கையோடு பேசி நான் பார்த்தது அந்த ஒரு மழைக்காலத்தில்தான்.

எனக்கு வரன் வந்தபோது நீயே போய் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னாய். ஹைஸ்கூல் வாத்தியாரான அவர், எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கத்தானே செய்யும் என்றாராம். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாய்:

"அவருக்குப் புரியல. புரிஞ்சவ நீ ஒருத்திதான். நீயே முடிவு பண்ணு."

நான் கல்யாணம் செய்துகொண்டேன். நீ செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நமக்குள் அப்புறம் பேச்சே எழவில்லை. என் மகள் மீனா பிறந்தபோது பார்க்க வந்த நீ, அவள் மூடியிருந்த கையை விரித்து, ஒவ்வொரு விரலாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பச்சைக் குழந்தையின் விரலில் ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியாதா என்ன?

பிறகு, ஈக்களைப் பிரிக்கும் மெல்லிய பிரஷ் உன் கையில் நிற்காமல் போனது. டாக்டரிடம் போகாமல் பிரேசர் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் நீட்டினாய்.

"சும்மா சமாதானம் சொல்லாத. பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். விரல்கள் ஒன்று ஒன்றாகத் துள்ளின.

அதற்குப் பிறகும் வேலைக்குப் போனாய். கண்ணால் பார்த்து நீ சொல்லச் சொல்ல, இன்னொருவர் ஈக்களைப் பிரித்தார். ஈக்களின் உதறல் வேறு, நம் வீட்டு நோய் வேறு, ஒன்றைக் கொண்டு மற்றதை அறிய முடியாது என்று நீ கடைசியாக எழுதிய கட்டுரையே முடித்துவிட்டது. இத்தனை வருஷ உழைப்பும் அங்கே வந்து நின்றது. நீ படுத்த பிறகு, வேறு யாருடைய சோதனைக்கோ தேவை என்று உன் பாட்டில்களை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். அதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. புருஷனுக்குக் கரைத்த அதே கஞ்சியை அம்மா மகனுக்கும் கரைத்து ஊட்டினாள்.

பேச்சு குழறத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், நான் கேட்காமலே நீ சொன்னாய்.

"அந்த இடம் கிடைக்காது. என் காலத்துல இல்ல. உன் காலத்துலயும் இல்ல."

மீனா வாசலில் கோடு போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் காட்டிக் கேட்டேன்.

"இவ காலத்துல?"

உன் தலை அசைந்தது. ஆமாம் என்று அசைத்தாயா, இல்லை என்று அசைத்தாயா, அல்லது அது நோயின் ஆட்டம்தானா, எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை கேட்கத் துணிவில்லை. சில வாரங்களில் உன் பேச்சு முழுவதுமாக நின்றுபோனது. அப்புறம் நீயும்.

மீனா இப்போது பாவாடை தாவணி கட்டுகிறாள். அந்தத் தலையசைப்பை நான் இன்னும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. எப்போதாவது ஒருநாள் அது ஆமாம் என்று படுகிறது. மற்ற நாட்களில் அது வெறும் ஆட்டம்தான்.