வாயைக் கட்டும் வெயில்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் என்னைத் திட்டாமல் உனக்குப் பொழுது போகாது. அதற்கு ஒரு காரணம் கொண்டுவந்திருக்கிறேன். உன் தொட்டியை நான் பாழாக்கிவிட்டேன் போலிருக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அந்தத் தொட்டியைத் தெரியாது. படூர் வீட்டில், ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம், மூடியில்லாத ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. மாமல்லபுரத்துக் கடலில் நீ மெல்லிய வலை போட்டுப் பிடித்துவந்த கோபிபாடுகள், இறால் ஜாதிக் குட்டி உயிர்கள், அதில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தின. நொய்யரிசியைவிடச் சிறிசு. உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாய்த் துள்ளும். மீன்குஞ்சுகளுக்கு இவைதான் சோறு. இவற்றுக்கோ கண்ணுக்கே தெரியாத பாசிதான் சோறு. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால், “எனக்குத்தான் வூடு நெறய புள்ளைங்க கீதே” என்று தொட்டியைக் காட்டுவாய். முதல் முறை பாசித் தண்ணீரை என் கையால் ஊற்றவைத்தாய். தாய்மாமன்தான் முதல் சோறு ஊட்டவேண்டுமாம்.

அவை சாப்பிட்டனவா என்று பார்க்க உன் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் கருவி வைத்திருந்தாய். வீட்டில் நாள்காட்டித் தாள்தான். காலையில் பாசியை ஊற்றியதும் தொட்டி கலங்கிப் பச்சையாகும். பின்னால் அன்றைய தாளைப் பிடித்தால் தேதி தெரியாது. சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் மறுபடி பிடிக்கச் சொல்வாய். தேதி தெளிவாகத் தெரிந்தால் பிள்ளைகள் சாப்பிட்டாயிற்று. அதற்கப்புறம்தான் நமக்கு டீ.

நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாப்பிட்டாயா என்று பார்க்க எந்தத் தாளும் தேவைப்படவில்லை. செங்கல்பட்டிலிருந்து அம்மா தினமும் பஸ் ஏறி வருவாள். கஞ்சி, நண்டு ரசம், உனக்குப் பிடித்த சுறாப்புட்டு. கட்டிலைச் சுற்றி டப்பாக்கள் அப்படியே திறக்காமல் இருக்கும். ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று அவள் கெஞ்சுவாள். நீ தலையைத் திருப்பிக்கொள்வாய். ஒருநாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாய்.

“பசிக்காம இல்லடா. வாய் தொறக்க மாட்டுது.”

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் அக்கா? ஸ்பூனைத் துடைத்து டப்பாமேல் வைத்தேன்.

அடக்கம் முடிந்து வந்தபின் அம்மாவும் என்னோடு படூருக்கே வந்துவிட்டாள். உன் அறைக்குள் போகவே அவளுக்குக் கால் வரவில்லை. தொட்டி மட்டும் அங்கே தனியாகக் கிடந்தது. பாசி என்றால் செடி, செடி என்றால் வெயில். என் அறிவு அவ்வளவுதான். தூக்கிக்கொண்டுபோய்ப் பால்கனியில் வைத்தேன். சூடு ஏறக்கூடாது என்று பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி அதற்குள் தொட்டியை நிறுத்தினேன். உன் கல்லூரி மாடியில் நீ அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேனே. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பைக்கில் கேன் கட்டிக்கொண்டு, நெம்மேலியில் குடிநீர் ஆலையைத் தாண்டிப் போய்க் கடல்தண்ணீர் மொண்டுவந்தேன். நீ சொல்லிக்கொடுத்த எதையும் விடவில்லை.

தொட்டி நன்றாகப் பச்சை பிடித்தது. நாளுக்கு நாள் அடர்ந்தது. சாயங்காலத் தாளை மறந்தே போனேன். பச்சையாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? துணி காயப்போட வந்த அம்மா ஒருநாள் தொட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். “எம் பொண்ணு கைராசி, எப்டி தழையுது பாரு” என்றாள். நீ போனதற்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். தினமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரில் உட்கார ஆரம்பித்தாள்.

போன வாரம் உன்னோடு ஆராய்ச்சி செய்த ஃபரிதா வந்தாள். நீ படுத்த பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த கோபிபாடுகள் எப்படியோ அழிந்துபோயினவாம். இந்தத் தொட்டியில் இருப்பவைதான் மிச்சம், கொஞ்சம் கொண்டுபோய்ப் பெருக்கலாம் என்று பாட்டிலோடு வந்திருந்தாள். பால்கனியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை நாளாக வெளியே இருக்கிறது என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். நம் அம்மா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நல்லா இருக்கறதால பச்ச இல்ல தம்பி. அதுங்க சாப்பிடாததால பச்ச.”

பிறகு பொறுமையாக விளக்கினாள். வெயிலில் புற ஊதாக் கதிர் என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் கண்ணாடி அதில் மோசமான பாதியைத் தடுத்துவிடும். திறந்த தொட்டியில் நேராக இறங்கும். இந்தப் பாசி ஓரளவு தாங்கிக்கொண்டு வளரும். அதை மேய்கிறவைதான் முதலில் மேய்ச்சலை விடும். சுற்றிலும் தீனி இருக்கும், சாப்பிட மாட்டா. சூடும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள்.

எனக்கு அப்போதுதான் உன் கல்லூரி மாடி ஞாபகம் வந்தது. ஒரு தொட்டிமேல் எல்லா வெயிலையும் விடுகிற பிளாஸ்டிக் தாள், பக்கத்துத் தொட்டிமேல் அந்தக் கதிரை மட்டும் தடுக்கிற தாள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். “கொல்றதுக்கு முன்னாடி வெயிலு அதுங்க வாய கட்டிப்புடுதுடா” என்று சொன்னாயே. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது கடலுக்கு, ஆராய்ச்சிக்கு என்று நினைத்தேன். நம் வீட்டு வெயிலும் அதே வெயில் என்று தோன்றவில்லை.

தொட்டியை மறுபடி ஜன்னலுக்கு உள்ளே வைத்துவிட்டோம். ஃபரிதா லென்ஸ் வைத்துத் தேடினாள். மிகச் சிலதான் உயிரோடு இருக்கின்றன. அவற்றைப் பிடித்துப் பாட்டிலில் அடைத்தால் செத்துவிடும், இங்கேயே இருக்கட்டும் என்று வெறும் பாட்டிலோடு போனாள். புதிதாகப் பாசி ஊற்றாதே, இருப்பதைத் தின்கின்றனவா பார் என்றாள். தின்னவைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். இல்லையாம். காத்திருக்கத்தான் வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் கேட்டதையே இன்னும் எத்தனை முறை கேட்பது அக்கா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? இப்போது அவள் உன் அறைக்குள்ளேயே வந்து உட்காருகிறாள். தொட்டி எதிரில் முக்காடு போட்டுக்கொண்டு, அந்தப் பச்சை கொஞ்சமும் குறையக்கூடாது என்று ஜெபம் பண்ணுகிறாள். நான் அவள் பின்னால் நின்றுகொண்டு, அது குறையவேண்டும் என்று ஜெபம் பண்ணுகிறேன். ஆண்டவர் யார் பக்கம் கேட்பார்?

இன்றைக்குச் சாயங்காலமும் தாளைப் பிடித்துப் பார்த்தேன். தேதி தெரியவில்லை.

நாளைக்கும் பிடிப்பேன். என்றைக்காவது தெரிந்தால், முதலில் அம்மா கையில் அந்தத் தாளைக் கொடுத்து நானே சொல்வேன், உன் பேரப்பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று. இது சத்தியம். அதுவரைக்கும் எனக்கு டீ வேண்டாம்.

உன் தம்பி,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
ஜோசப்