விருந்தினர் குடித்தது எமது கிணற்றுத் தண்ணீர் அல்ல

அனுப்புநர்:
அ. லெ. ஜவாஹிர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கடற்கரைக் குடியேற்றம்,
கொண்டச்சி, முசலி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
சர்வதேச உதவித் திட்டங்களுக்கான அரச – சிவில் சமூகக் கலந்துரையாடல் குழு,
மன்னார்.

விடயம்: குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் திட்டத்திலிருந்து எமது குடியேற்றம் விலக்கப்பட்டதை மீளப் பரிசீலிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெளிநாட்டு உதவியுடன் முசலிக் கரையோரத்தில் அமையவிருக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடர்பில், எமது ஊரில் போதிய தரமான குடிநீர் உண்டு என்று தங்கள் குழு முடிவு செய்திருப்பதாக அறிந்தோம். அந்த முடிவு பிழையானது. எனினும் அது எவருடைய கெட்ட எண்ணத்தாலும் வந்த பிழையல்ல. அதில் எங்களுக்கும் பங்குண்டு. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. கடந்த ஜூன் மாதம் உதவி வழங்கும் நாட்டின் பிரதிநிதிகளும், அரச அலுவலர்களும், நகரத்துத் தொண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் எமது ஊருக்கு வந்தார்கள். பள்ளிவாசல் முன்றலில் பந்தல் போட்டுக் கதிரைகள் வைத்தோம். எமது கிணறுகளில் ஊறுவது உவர்நீர். அதில் பால் தேநீர் போட்டால் திரைந்துவிடும்; வெறும் தேநீர் நாக்கில் கரிக்கும். நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் வெயிலில் வந்தவருக்கு அதை நீட்டுவது எங்களிடையே பெரிய மரியாதைக் குறைவு. வெளியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியும் அந்தக் கிழமை வரவில்லை.

3. அன்று ஊரில் நல்ல தண்ணீர் இருந்தது ஒரேயொரு வீட்டில். அது ஷிஹானாவின் வீடு. இரண்டு பிள்ளைகளின் தாயான அவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்து வருகிறது. கிணற்றுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம் என்று முருங்கன் வைத்தியசாலையில் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கணவர் றிபாத் மீன் விற்க முருங்கனுக்குப் போகும் நாட்களில் பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் நிரப்பி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். பெண்கள் போய்க் கேட்டதும் ஷிஹானா அந்தக் கான்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். றிபாத் அடுத்த முறை முருங்கன் போய் வரும்வரை அவர் குடித்தது கிணற்றுத் தண்ணீர்.

4. வந்தவர்களில் ஓர் அம்மையார் தண்ணீரைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சைகையால் காட்டி இன்னொரு கோப்பை கேட்டார். பள்ளிவாசல் நிர்வாகி மஹ்மூது தாமே ஊற்றிக் கொடுத்து, "இன்னுங் கொஞ்சம் குடியுங்கோ, வெயில் கடுமை" என்றார். அது யாருடைய தண்ணீர் என்பது அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கோப்பையை வாயில் வைத்திருக்கும்போது, அது நோயாளியின் தண்ணீர் என்று எப்படி ஐயா சொல்வது? கிணறு பந்தலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர்கள் வாளியை இறக்கச் சொல்லவில்லை. நாங்களும் இறக்கிக் காட்டவில்லை.

பாடசாலையில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பரிசோதகர் வரும் நாளில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன்வாங்கில் இருத்துவோம். அவரும் முன்வாங்கிலேயே கேட்டுவிட்டு, இந்த வகுப்புக்கு மேலதிக உதவி தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போவார். பொய் சொன்னவர் என்று அங்கே எவருமில்லை. ஆனால் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைக்கு அந்த வருடம் புத்தகம் வராது.

5. பிறகு மன்னாரில் தங்கள் குழுவின் கலந்துரையாடல் நடந்தது. எமது ஊரிலிருந்து மாதர் சங்கத் தலைவி றாபியா போயிருந்தார். பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்ததாம். திரும்பி வந்ததும் சந்தோசமாக என்னிடம் சொன்னார்: "எங்கட ஊரின்ர பேரை வாசிச்சாங்கள் சேர். எல்லாரும் கை தட்டினாங்கள், நானும் தட்டினன்." அங்கே வாசிக்கப்பட்டது உதவி தேவைப்படாத ஊர்களின் பெயர்கள் என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. அன்றிலிருந்து றாபியா சங்கக் கூட்டங்களுக்கு வருவதில்லை. கூப்பிடப் போனால், தலைவலி என்கிறார்.

6. ஷிஹானாவின் நிலைமை இப்போது மோசமாகியிருக்கிறது. கால்கள் வீங்கியிருக்கின்றன. கடலில் காற்று எழும்பிவிட்டால் றிபாத் தொழிலுக்குப் போக மாட்டார். முருங்கனுக்கும் போக மாட்டார். வீட்டில் நல்ல தண்ணீரும் இருக்காது. இம்மனுவை எழுத முன்னர் ஷிஹானாவிடம் அனுமதி கேட்கப் போனேன். "என்ர பேரைப் போடுங்கோ சேர். ஆனா குடுத்த தண்ணியைச் சொல்லிக் காட்டுற மாதிரி எழுதிப்போடாதேங்கோ" என்றார். நான் அப்படி எழுதவில்லை என்று நம்புகிறேன்.

7. இவ்விடயத்தில் தொடர்புள்ள எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அரச தரப்பு, சிவில் சமூகத்தைக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்று சொல்லலாம். நகரத்து நிறுவனங்கள், தாங்கள் ஊருக்கே போய்வந்ததாகச் சொல்லலாம். உதவி தரும் நாட்டவர், தாங்களே குடித்துப் பார்த்ததாகச் சொல்லலாம். மூன்றும் உண்மை. ஆயினும் தினமும் அந்தத் தண்ணீரை அள்ளிச் சமைக்கிற ஒரு பெண்ணிடம், அவளுக்கு விளங்கும் மொழியில், யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் நடப்பதைக் கலந்துரையாடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8. ஆகையால் தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

(அ) இறுதி ஒப்புதலுக்கு முன்னர் எமது கிணறுகளிலிருந்து நேரடியாக நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

(ஆ) அடுத்த கலந்துரையாடலைத் தமிழிலும் நடத்த வேண்டும். முடிவுகளை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டி, ஊரவர் மறுத்துப் பேச இடம் தர வேண்டும். றாபியாவுக்குத் தனியாக ஓர் அழைப்பு அனுப்பினால் அவர் வருவார் என நினைக்கிறேன்.

(இ) நிலையம் அமையும்வரை பவுசர் ஒழுங்காக வர ஆவன செய்ய வேண்டும். இதற்கு மட்டும் தயவுசெய்து அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம்.

தெரிவான ஊர்களில் எதையும் நீக்கிவிட்டு எம்மைச் சேர்க்கும்படி நாம் கேட்கவில்லை. அவர்களுடைய கிணறுகளும் எங்களுடையதைப் போன்றவையே.

9. கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஊரவர் கூடிப் பேசினோம். அடுத்த முறை யார் வந்தாலும் கிணற்றுத் தண்ணீரையே கொடுப்பது என்று முடிவாயிற்று. மஹ்மூது மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதைக் கொடுக்கும் வேளையில் தான் வீட்டுக்குள் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். தாங்கள் வருவீர்களாயின் அந்தக் கோப்பையை நானே தங்கள் கையில் தருவேன். அதற்காக இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாயாவது குடித்துப் பாருங்கள், ஐயா.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

அ. லெ. ஜவாஹிர்
(ஊரவர் சார்பில்)

இடம்: கொண்டச்சி
திகதி: 18.08.2025