ஸ்டேஷன் வாசலில் நான் கட்டிய தழை

அன்பு மகள் வெரோலினுக்கு,

அம்மா எழுதுவது. லே நகரத்து வெயிலிலும் மழையிலும் உன் உடம்பு கெடாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வர வேண்டும் என்பதுதான் தினமும் என் பிரார்த்தனை. இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. அப்பா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கிழங்குத் தோட்டத்துக்குப் போய் வருகிறார். மனசைப் பற்றிக் கேட்டால் அதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன். போன் பண்ணவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, மலைமேல் இருக்கும் டவரின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகிறது, யாரும் வந்து பார்க்கவில்லை. ஸ்டேஷன் கூரையில் இருந்த சோலார் தகட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், தகவல் தெரிந்தவர்கள் ஸ்டேஷனில் வந்து சொல்லவும் என்று ஒரு தாளை அதே ஸ்டேஷன் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். லாக்கப் கதவின் பூட்டும் போய்விட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இந்த லட்சணத்தில் இருக்கிறது நம் தீவு.

முந்தாநாள் வந்த கொப்பரைக் கப்பலில் உன் கடிதம் கிடைத்தது. "அம்மா, நீ போலீஸ் ஸ்டேஷனையே மூடிட்டியாமே, நம்ம ஊர்க்காரங்க எல்லாம் இங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க, நானும் ஒரு போலீஸ்காரிதான், என் மானம் போகுது" என்று எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது உன்மேல் கோபம் வந்தது. இரண்டாவது தடவை படித்தபோது, இவளுக்குத் தெரிந்தது கப்பல் ஆட்கள் சொன்ன பாதிக் கதைதான் என்று தோன்றியது. முழுக் கதையையும் எழுதுகிறேன், படித்துவிட்டு யார் மானம் போயிற்று என்று நீயே சொல்.

உன்னோடு ஆறாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சலோமிக்கு இது தலைப்பிரசவம். வலி கண்டபோது குழந்தை குறுக்கே கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். ஸ்டேஷன் படகு அன்று வெளியே போயிருந்தது. கிளினிக்கின் படகு கரையில் இருந்தது, அதன் மோட்டார் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் படகுக் கொட்டகையின் பலகையைப் பெயர்த்து மோட்டாரைத் திருடிக்கொண்டு போயிருந்தார்கள். நான்கு ஆண்கள் விடியற்காலை தொடங்கித் துடுப்புப் போட்டார்கள், கை தோல் உரியும்வரை போட்டார்கள். உச்சிவேளைக்கு அக்கரை ஆஸ்பத்திரி சேர்ந்தபோது சலோமிக்கு உயிர் இருந்தது, குழந்தைக்கு இல்லை. மோட்டார் இருந்திருந்தால் முக்கால் மணி நேரம்.

எடுத்தது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று பேர். அதில் ஒருவன் நம் பென்சன். என் சொந்த அக்கா மகன், நம் வம்சத்தின் முறைப்படி என் வயிற்றில் பிறந்தவன் மாதிரி. மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தவன். குழந்தை போன நாலாம் நாள் சந்தையில் என்னைப் பார்த்து, "என்ன சின்னம்மா, இவ்ளோ பாரத்த நீங்களா தூக்கறது" என்று கூடையை வாங்கிக்கொண்டான். நானும் கொடுத்தேன். வீடு வரை பத்து நிமிட நடை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் கூடையை வைத்துவிட்டு அவன் போன பிறகு உள்ளே வந்து, கல்லூரி படித்து, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கிற நான் என்ன ஜென்மம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மறுநாள் பள்ளி விட்டதும் மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பென்சன் பெயரை முதல் பெயராகவே எழுதினேன், என் பேனாவால்.

சார்ஜன்ட் டாரியஸ் மனுவை வாங்கி மேஜையில் போட்டு, காற்றில் பறக்காமலிருக்கத் தன் சுண்ணாம்பு டப்பாவை அதன்மேல் வைத்தான். "டீச்சர், பயலுவ பக்கத்துத் தீவுக்கும் இங்கயுமா திரியறானுவ. போட் இருக்கு, ஆளு இருக்கு, பெட்ரோல்தான் இல்ல. நீங்க பெட்ரோல் கொண்டாங்க, நான் மோட்டாரையும் கொண்டாரேன், பயலுவளையும் கொண்டாரேன்" என்றான், பாக்குச் சிவப்புப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. ஈஸ்டர் கூட்டத்துக்குப் போவதற்காக மாதர் சங்கத்தில் சேர்த்து வைத்திருந்த பெட்ரோலைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். சலோமிக்காக என்று ஒருத்தி மறுக்கவில்லை. டாரியஸ் மறுநாளே போனான். மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது படகில் பாதிப் பன்றியும் எட்டுக் கட்டுச் சவ்வரிசி மாவும் இருந்தன. மச்சான் வீட்டு விருந்துக்குப் போய் வந்திருக்கிறான்! கேட்டதற்கு, "விருந்துக்கு நாலு தீவு ஆளும் வரும் டீச்சர், அங்கதான் தகவல் கெடைக்கும், வெசாரணை நடக்குது" என்றான். மனு எங்கே என்று கேட்டேன். "எங்கனாச்சும் இருக்கும்."

அன்றைக்கு நான் நேராக வீட்டுக்கு வரவில்லை, என் தாய்மாமன் தொலாய் வீட்டுக்குப் போனேன். அந்த ஸ்டேஷன் நிற்கிற மண் நம் வம்சத்து மண், வெள்ளைக்காரன் காலத்தில் இரவலாகக் கொடுத்தது என்பது உனக்குத் தெரியும். தழை கட்டிய இடத்துக்குள் அதை அவிழ்க்கும்வரை யாரும் கால் வைக்க மாட்டார்கள், நம் மண்ணில் அந்தத் தடைத்தழையைக் கட்டும் உரிமை நமக்கு இன்னும் இருக்கிறது. மாமா முதலில் பயந்தார். "தோப்புல கட்டுவோம், பவளப்பாறையில கட்டுவோம், போலீஸ் ஸ்டேஷன்ல யாருடி கட்டுனா, பிடிச்சி உள்ள போட்டுட்டா?" என்றார். "பூட்டே இல்லாத ஜெயில்ல எப்படி மாமா போடுவாங்க" என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போய்க் காட்டு இஞ்சித் தழையை அவரே வெட்டிக்கொண்டு வந்தார். "ஆனா ஒண்ணு, கட்டுனவதான் அவுக்கணும், நெனப்பு வெச்சிக்க" என்றார். அது எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் போலீஸ்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் வாசலுக்குக் குறுக்கே கட்டினேன். டாரியஸ் திரும்பி வந்தவன் தழையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "டீச்சர், இது கவர்மென்ட் கட்டடம்" என்றான். "அப்படின்னா உள்ள போங்களேன், யார் தடுத்தா?" என்றேன். போகவில்லை. என் மனுவின்மேல் சுண்ணாம்பு டப்பாவை வைக்க முடிந்தவனுக்கு ஒரு தழையைத் தாண்டக் கால் வரவில்லை. மீன் விற்கிற டெமாரிஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சார், தழைக்கு ஒரு வாரண்ட் போட்டுட்டு வாங்க" என்றாள். சந்தையே சிரித்தது. லேயில் உன் காதுக்கு வந்தது இந்தச் சிரிப்புதான். நானும் சிரித்தேன் வெரோலின், அதை மறைக்க மாட்டேன். அவர்கள் வாதுமை மரத்தடியில் பாயை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், நான் தினமும் அந்த வழியாகத் தலை நிமிர்ந்து போனேன். மாகாணத் தலைநகரிலிருந்து பெரிய அதிகாரி வரட்டும், வந்து எனக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் அவிழ்க்கிறேன் என்று இருந்தேன். வரவில்லை. ஒரு ஸ்டேஷன் மூடிக் கிடப்பது அவர்களுக்குத் தெரிந்ததா, தெரிந்தும் தேவைப்படவில்லையா, எனக்குத் தெரியாது.

பதினைந்தாம் நாள் நான் தீவின் மறுகோடிப் பள்ளிக்குப் பரீட்சை நடத்தப் போயிருந்தேன். அன்று காலையில் பென்சன் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அந்த மோட்டாரை வைத்துத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு வந்திருக்கிறான். தனியாக, தானாக. சரணடைய. தழைக்கு முன்னால் வந்து நின்று, "சின்னம்மா எங்க, அவங்க அவுத்தாதான் நான் உள்ள போக முடியும்" என்று கேட்டிருக்கிறான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். வெயில் ஏறியதும் டெமாரிஸ்தான் ஓர் இளநீர் கொடுத்திருக்கிறாள். அவளிடம், "ஆஸ்பத்திரி மோட்டாரு சும்மாதானே கெடக்குன்னு எடுத்தோம் அக்கா. அதனாலதான் சலோமி புள்ள போச்சின்னு எனக்கு நேத்துதான் ஒறச்சிது. அவ மொகத்த நான் எப்படிப் பார்ப்பேன்" என்று சொல்லி அழுதிருக்கிறான்.

பத்தடி தூரத்தில் மரத்தடியில் மூன்று போலீஸ்காரர்கள். எழுந்து வந்து தோளில் கை வைத்திருந்தால் போதும். டெமாரிஸ் போய்க் கேட்டிருக்கிறாள், அதற்கு டாரியஸ், "ஃபாரம் எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சி, எதுல எழுதறது? டீச்சரைக் கூட்டிட்டு வாங்க" என்றானாம், கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்காமல். எனக்குச் சொல்லி அனுப்ப அவனிடம் ஆளும் இல்லை, டெமாரிஸ்தான் தன் பெண்ணை அனுப்பினாள். நான் பரீட்சைத் தாளை அப்படியே போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தேன். அதற்குள் மற்ற இரண்டு பேரும் கரையில் படகைக் கொண்டு வந்து நிறுத்தி, "ஏண்டா, முட்டி போட வெச்ச பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி ஒக்காந்திருக்க, ஒனக்காக யாரு கதவத் தொறக்கப் போறா" என்று கேலி பண்ணியிருக்கிறார்கள். அவன் எழுந்து அவர்களோடு போய்விட்டான். நான் வந்தபோது தள்ளுவண்டியில் மோட்டார் இருந்தது, பக்கத்தில் குடித்துப் போட்ட இளநீர்க் கூடு. டாரியஸ் என்னைப் பார்த்து, "கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமே டீச்சர்" என்றான். வெரோலின், என் வாழ்நாளில் நான் யாரையும் அறைந்ததில்லை, மாணவர்களைக்கூட. அன்றைக்கு என் கையை நானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் டாரியஸைத் திட்டி முடித்த பிறகு மிச்சம் இருப்பது நான்தான். உள்ளே இருப்பவர்களை அவமானப்படுத்தத்தான் தழை கட்டினேன், வெளியிலிருந்து ஒருவன் உள்ளே போக வருவான் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அரசாங்கத்தின் சட்டத்தை மதிக்காமல் பலகையைப் பெயர்த்தவன் என் தழையை மதித்து வெளியே நின்றான். உன் பெரியம்மா கசில்டா வந்து என் வாசலில் நின்று, "உன் தழைதாண்டி என் புள்ளைய வெரட்டுச்சி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்று மாலையே தழையை அவிழ்த்துவிட்டேன். மோட்டாரைக் கிளினிக்கில் நானும் டெமாரிஸும் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். ஸ்டேஷன் திறந்துதான் இருக்கிறது இப்போது, சீட்டாட்டம் உள்ளே நடக்கிறது.

இனி எழுதுவதைக் கவனமாகப் படி. நேற்று அக்கா மறுபடியும் வந்தாள், அழாமல். பென்சன் பக்கத்துத் தீவில் இருக்கிறான், நாளை இந்தக் கப்பல் இங்கிருந்து புறப்பட்டு அங்கே கொப்பரை ஏற்ற நிற்கும்போது ஏறி லேவுக்கு வருகிறான், உன் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் என்றாள். டாரியஸிடம் போய்ச் சொன்னேன். "கப்பல் ஏறிட்டா அது லே போலீஸ் பாடு" என்றான். நானே போய்ப் பிடிக்கலாம், என்னைக் கண்டால் காட்டுக்குள் ஓடிவிடுவான். உன்னிடம் அவனாகவே வருகிறான். பாதிரியார் மனைவி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, இறங்கியதும் முதலில் உன்னிடம் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன், இது வரும் கப்பலில்தான் அவனும் வருகிறான்.

உன் கதவைத் தட்டினால் திற. முதலில் சோறு போடு, கடல் பயணத்தில் அவனுக்கு எப்போதும் வாந்தி வரும், அதனால் வறுத்தது வேண்டாம், வள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடு. சலோமி எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்கும்வரை நீயாக எதுவும் கேட்காதே. கேட்பான். கேட்ட பிறகு சீருடையைப் போட்டுக்கொண்டு அவனோடு நடந்து உன் ஸ்டேஷனுக்குப் போ. பின்னால் தள்ளிக்கொண்டு போகாதே, பக்கத்தில் நட. ஃபாரத்தை நீயே எடு, ஒரு வார்த்தை விடாமல் எழுது, மற்ற இரண்டு பேரையும் அவன் வாயாலேயே சொல்ல வை, அந்தத் தாளின்மேல் யாரும் எதையும் வைக்க விடாதே. வம்சம் என்ன சொல்லும் என்று பயப்படாதே, வம்சத்தின் பேரில் தழை கட்டியவளே சொல்கிறேன். அவன் மறுத்தால், திரும்பி ஓடினால், ஓடட்டும் என்று விடாதே. இங்கே எழுந்து வராத கைகளை நான் பார்த்துவிட்டேன், உன் கை அப்படி இருக்கக் கூடாது.

உறைக்குள் காய்ந்த தழை ஒன்று இருக்கும், குப்பை என்று வீசிவிடாதே. அவன் கையில் கொடு. முடிச்சு இல்லை என்று அவனே தடவிப் பார்த்துக்கொள்வான். சின்னம்மா அவிழ்த்துவிட்டாள், உள்ளே போகலாம் என்று சொல்.

நீ நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த முதுகோடும் இருக்க வேண்டும், உன் உடுப்புக்கு உன்னால் மரியாதை வர வேண்டும். அப்பா உன் நெற்றியில் முத்தம் வைக்கச் சொன்னார். கப்பல் புதன்கிழமை கரை சேரும், கடிதம் கைக்கு வந்ததும் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இரு.

உன் அம்மா,
லுடியா